ஓல்சன்களும் ஆண்டர்சன்களும்: அமெரிக்காவின் ஸ்காண்டிநேவிய வம்சாவளியினர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியாபொலிஸ் பக்கம் புதிதாகக் குடிவரும் நம் ஆட்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தெருப் பெயர், பள்ளிப் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்று எங்கே திரும்பினாலும் நார்வே, ஸ்வீடன் வாடை அடிக்கும் மாநிலம் மினசோட்டா. சந்தேகம் வருவது இயல்பு. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

ஸ்காண்டிநேவியான்னா எந்தெந்த நாடு? பின்லாந்தும் அதுல வருமா?

கறாராகச் சொன்னால் நார்வே, ஸ்வீடன், டென்மார்க் ஆகிய மூன்றும்தான். 1944 வரை டென்மார்க் அரசரின் கீழ் இருந்த ஐஸ்லாந்தையும் சேர்த்துப் பேசுவது வழக்கம். பின்லாந்தின் மொழி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் 1809 வரை அது ஸ்வீடனின் ஒரு பகுதி, இன்றும் அங்கே ஸ்வீடிஷ் பேசும் சிறுபான்மையினர் உண்டு. ஐந்தையும் சேர்த்துச் சொல்ல 'நார்டிக்' என்ற பெயர் இருக்கிறது. வடக்கு மினசோட்டாவின் இரும்புச் சுரங்கப் பகுதியிலும் மிச்சிகனின் மேல் தீபகற்பத்திலும் குடியேறிய பின்லாந்துக்காரர்களின் கதை தனிக் கதை. இந்தப் பக்கத்தில் அதைத் தொடவில்லை.

நார்வே, ஸ்வீடன் எல்லாம் பணக்கார நாடுதானே? அங்கேருந்து எதுக்கு ஜனங்க ஊரை விட்டுப் போனாங்க?

இன்றைய நார்வேயை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கதை புரியவே புரியாது. வடகடலில் எண்ணெய் கிடைத்தது 1969-ல். அதற்கு நூறு வருடம் முன்னால் நார்வே ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று. மலையும் பாறையும் போக, பயிரிடத் தகுந்த நிலம் நூற்றுக்கு மூன்று பங்குதான் தேறும். 1801-ல் சுமார் 8.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1900-ல் சுமார் 22 லட்சம் ஆகிவிட்டது. பெரியம்மைத் தடுப்பூசி வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, போர் ஓய்ந்தது. குழந்தைகள் பிழைத்தார்கள், ஆனால் நிலம் வளரவில்லை. பண்ணை மூத்த பிள்ளைக்குப் போகும். இளையவர்கள் அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசையும் கொஞ்சம் தோட்டமும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாகப் பண்ணைக்காரருக்கு உழைத்துத் தீர்க்க வேண்டும். இப்படிப்பட்ட குடியானவர்களுக்கு 'ஹுஸ்மன்' என்று பெயர். புறப்பட்டுப் போனவர்களில் பெரும்பகுதி இந்த வர்க்கமும், பாகம் கிடைக்காத பண்ணைக்காரர் மக்களும்தான்.

ஸ்வீடனில் 1867 முதல் 1869 வரை விளைச்சல் அடுத்தடுத்துப் பொய்த்துப் பஞ்சம் வந்தது. அதோடு மதக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அரசின் திருச்சபைக்கு வெளியே வீட்டில் கூடி ஜெபிப்பதையே தடை செய்யும் சட்டம் ஸ்வீடனில் 1858 வரை இருந்தது. டென்மார்க்கில் வேறொரு காரணமும் உண்டு. 1864 போரில் ஷ்லெஸ்விக் பகுதி ஜெர்மானிய நாடான பிரஷ்யாவிடம் போனபின், ஜெர்மன் ராணுவத்தில் சேர மனமில்லாத டேனிஷ் இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள்.

மொத்தம் எத்தனை பேர் போனாங்க? முதல்ல போனது யாரு?

1825-லிருந்து அடுத்த நூறு வருடத்தில் நார்வேயிலிருந்து 8 லட்சத்துக்கும் மேல், ஸ்வீடனிலிருந்து சுமார் 12 லட்சம், டென்மார்க்கிலிருந்து சுமார் 3 லட்சம் பேர். 1882 என்ற ஒரே வருடத்தில் நார்வேயிலிருந்து 28,000-க்கு மேல் போனார்கள். நாட்டின் மொத்த ஜனமே இருபது லட்சத்துக்குள் இருந்த காலம் அது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், ஐரோப்பாவில் அயர்லாந்து ஒன்றுதான் நார்வேயைவிட அதிகமாக ஆட்களை இழந்த நாடு.

தனியாள்களாக அதற்கு முன்பே சிலர் வந்திருந்தாலும், கூட்டமாக வந்த நார்வேஜியர்களில் முதல்வர்கள் 'ரெஸ்டாரேஷன்' என்ற பாய்மரக் கப்பலில் 1825 ஜூலையில் ஸ்டாவங்கரிலிருந்து கிளம்பியவர்கள். கப்பலின் நீளம் ஏறக்குறைய 54 அடி. ஏறியது 52 பேர். வழியில் ஒரு குழந்தை பிறந்ததால் அக்டோபர் 9 அன்று நியூயார்க்கில் இறங்கியது 53 பேர். பலர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள், அல்லது அதன் மீது சாய்வு உள்ளவர்கள். இவ்வளவு சின்னக் கப்பலில் இத்தனை பேரை ஏற்றியது சட்டப்படி குற்றம் என்று கப்பலைப் பறிமுதல் செய்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் அபராதத்தை மன்னித்து விடுவித்தார். 2025-ல் இருநூறாம் ஆண்டுக்காக, அதே போலக் கட்டிய கப்பல் ஒன்று அதே ஸ்டாவங்கரிலிருந்து நியூயார்க்குக்குப் போனது.

ஸ்வீடிஷ்காரர்கள் இதற்கும் முந்தி வந்தவர்கள் என்று வாதிடலாம். 1638-ல் டெலவர் ஆற்றங்கரையில், இன்றைய வில்மிங்டனில், 'புதிய ஸ்வீடன்' என்ற குடியேற்றத்தை அமைத்தார்கள். 1655-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் அது அரசின் குடியேற்றம். சாதாரண ஜனங்கள் தாங்களாகவே பெருங்கூட்டமாகப் புறப்பட்டது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

கொலம்பஸுக்கு முன்னாடியே வைகிங் ஆளுங்க போய்ட்டாங்கன்னு சொல்றாங்களே, இவங்கெல்லாம் அவங்க வாரிசா?

போனது உண்மை, வாரிசு என்பது இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸோ மெடோஸ் என்ற இடத்தில் வைகிங் வீடுகளின் அடித்தளங்களை 1960-களில் ஹெல்கே இங்ஸ்டாட், ஆன் ஸ்டினெ இங்ஸ்டாட் தம்பதி வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே கிடைத்த மரத்துண்டுகள் 1021-ல் வெட்டப்பட்டவை என்று 2021-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனால் அந்த வைகிங்குகள் அங்கே நிலைக்கவில்லை. கொஞ்ச காலத்தில் திரும்பிவிட்டார்கள். இடையில் எண்ணூறு வருட இடைவெளி.

மினசோட்டாவின் கென்சிங்டன் ஊரில் 1898-ல் ஒரு ஸ்வீடிஷ் விவசாயி வெளிக்கொண்டு வந்த 'ரூனிக்' (பழைய ஸ்காண்டிநேவிய எழுத்து) கல்வெட்டு பற்றியும் கேட்பார்கள். 1362-ல் ஸ்காண்டிநேவியர்கள் மினசோட்டாவுக்கே வந்தார்கள் என்று அது சொல்கிறது. அதன் மொழியும் எழுத்து வடிவமும் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதே மொழியியலாளர்களின் முடிவு. அலெக்சாண்ட்ரியா ஊரில் அந்தக் கல்லுக்கு அருங்காட்சியகமும், 'பிக் ஓலே' என்ற பிரம்மாண்ட வைகிங் சிலையும் உண்டு. வந்தேறிகள் என்று பார்க்கப்பட்டவர்களுக்கு 'எங்கள் முன்னோர்தான் முதலில் வந்தவர்கள்' என்ற எண்ணம் எவ்வளவு தெம்பு தந்திருக்கும் என்பதை யோசித்தால், அந்தக் கல்லை இத்தனை பேர் விடாமல் பிடித்திருப்பது புரியும். ஹெல்மெட்டில் கொம்பு என்பதோ வைகிங் காலத்ததே இல்லை, அது 19-ஆம் நூற்றாண்டு மேடை நாடக உடை.

அவ்வளவு பெரிய அமெரிக்காவுல போயும் போயும் இந்தக் குளிர்லயா வந்து குடியேறணும்? ஊர் மாதிரி இருக்குதுன்னா?

'ஊர் மாதிரி இருந்தது' என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். பாதிகூடச் சரியில்லை. ஃபியோர்டு என்னும் குறுகிய கடல் நுழைவின் ஓரத்து மலைச்சரிவில் வளர்ந்தவனுக்கு டகோட்டாவின் மரமில்லாச் சமவெளி கொஞ்சமும் ஊர் மாதிரி இருந்திருக்காது.

முக்கியமான காரணம் காலம். ரெஸ்டாரேஷன் கூட்டம் முதலில் நியூயார்க் மாநிலத்தில் தங்கியது. 1834-லிருந்து இல்லினாய்ஸின் ஃபாக்ஸ் ஆற்றங்கரை, பிறகு விஸ்கான்சின், பிறகு அயோவா, மினசோட்டா, டகோட்டா என்று குடியேற்றம் மேற்கே நகர்ந்துகொண்டே போனது. ஸ்காண்டிநேவிய அலை உச்சத்தைத் தொட்ட 1860-கள் முதல் 1880-கள் வரையில், விவசாயத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்த நிலம் இந்தப் பக்கம்தான். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர், சிறு பதிவுக் கட்டணம் மட்டும். ஒரு ஹுஸ்மன் மகனுக்கு இது கனவிலும் வராத அளவு.

இரண்டாவது காரணம் ஆள் பிடித்த விதம். மாநில அரசும் ரயில் கம்பெனிகளும் முகவர்களை ஐரோப்பாவுக்கே அனுப்பின. மினசோட்டாவில் இந்த வேலையை முன்னின்று செய்தவர் ஹான்ஸ் மாட்சன் என்ற ஸ்வீடிஷ்காரர். 1881-ல் அமெரிக்காவின் தூதரக அதிகாரியாகக் கல்கத்தாவுக்குப் போனதும் இவரேதான். ஆனால் எந்த முகவரையும்விட அதிகம் சாதித்தவை ஏற்கெனவே போனவர்கள் எழுதிய கடிதங்கள். ஒரு கடிதம் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க வாசிக்கப்படும். அண்ணன் முன்பணம் கட்டி டிக்கெட் அனுப்புவார், தம்பி வருவான், அப்புறம் அத்தை மகன். அதனால்தான் நார்வேயின் ஒரு பள்ளத்தாக்கு ஆட்கள் அப்படியே விஸ்கான்சினின் ஒரே வட்டாரத்தில் கூடினார்கள்.

சும்மா கிடந்த நிலத்தைத்தானே அரசாங்கம் கொடுத்துச்சு?

இல்லை. தெற்கு மினசோட்டா, டகோட்டா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1851-ல் டிராவர்ஸ் டெ சியூ, மெண்டோட்டா என்ற இரண்டு இடங்களில் ஒப்பந்தம் போட்டு, ஆற்றோரம் ஒரு குறுகிய பட்டையை மட்டும் அவர்களுக்கு விட்டுவிட்டு மீதியை அரசு எடுத்துக்கொண்டது. தருவதாகச் சொன்ன பணமும் உணவும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. 1862 கோடையில் பட்டினி, ஆகஸ்டில் போர். சில வாரங்களில் நூற்றுக்கணக்கான குடியேறிகள் கொல்லப்பட்டார்கள். அதில் நார்வே, ஸ்வீடன் குடும்பங்களும் உண்டு. டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிடப் பெரிய கூட்டுத் தூக்கு நடந்ததில்லை. அடுத்த வருடம் டகோட்டா மக்களையே மாநிலத்தை விட்டு வெளியேற்றச் சட்டம் வந்தது.

ஹோம்ஸ்டெட் சட்டம் கையெழுத்தானதும் அதே 1862, மே மாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடியேறிய ஏழை விவசாயிக்கு இந்தப் பின்னணி எவ்வளவு தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். கேள்வியில் இருக்கும் 'சும்மா கிடந்த' என்ற எண்ணத்தை மட்டும் நாமும் சேர்ந்து சொல்லக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வடக்கு டகோட்டாவின் ஸ்பிரிட் லேக்கில் டகோட்டா மக்களுக்கென்று ஒதுக்கியிருந்த நிலத்தையே 1904-ல் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டபோது, அங்கே போய்ப் பதிந்தவர்களில் நிறையப் பேர் நார்வேஜியர்கள். டகோட்டா குடும்பங்களும் அவர்களும் அதன்பின் பல காலம் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்துல எப்படிப் பயணம் பண்ணாங்க?

1850-களில் பாய்மரக் கப்பல், ஆறிலிருந்து பத்து வாரம். அதிலும் பலர் நியூயார்க்குக்கு வரவில்லை, கனடாவின் கியூபெக்குக்கு வந்தார்கள். 1849-ல் பிரிட்டன் தன் கப்பல் சட்டங்களைத் தளர்த்தியதும், கனடா மரத்தை இங்கிலாந்துக்கு ஏற்றிப்போகும் வியாபாரம் நார்வே கப்பல்களுக்குத் திறந்தது. போகும்போது காலிக் கப்பலை ஓட்டுவானேன் என்று ஆட்களை ஏற்றினார்கள். குழந்தைகள் நிறைய இறந்த பயணங்கள் அவை.

நீராவிக் கப்பல் வந்தபின் ஸ்வீடிஷ்காரர்களின் வழி ஏறக்குறைய ஒன்றேதான்: கோத்தன்பர்க்கிலிருந்து இங்கிலாந்தின் ஹல் துறைமுகம், அங்கிருந்து ரயிலில் லிவர்பூல், அங்கிருந்து அமெரிக்கா. அட்லாண்டிக்கைக் கடப்பது இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. போகிறவர்கள் கையோடு கொண்டுபோன பூ வேலை செய்த மரப்பெட்டிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

எங்க ஆபீஸ்ல பாதிப் பேர் ஜான்சன், ஓல்சன், ஆண்டர்சன். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தமா?

இதை நம்மவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம் வழக்கம் மாதிரிதான். ஹான்ஸ் மகன் ஓலே என்றால் ஓலே ஹான்சன். ஓலேயின் மகன் பேர் என்றால் பேர் ஓல்சன். மகள் என்றால் ஓல்ஸ்டாட்டர். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். நார்வேயில் இதற்குப் பின்னால் குடியிருக்கும் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும். பண்ணை மாறினால் அதுவும் மாறும். அமெரிக்கா வந்ததும் குடும்பத்துக்கு ஒரே பெயர் வேண்டும் என்றார்கள். ஒருவர் அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் பண்ணைப் பெயரை. உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கே வேறு வேறு குடும்பப் பெயர் அமைந்தது இப்படித்தான்.

நார்வேயில் நிலையான குடும்பப் பெயர் சட்டப்படி கட்டாயமானது 1923-ல்தான். ஐஸ்லாந்தில் அப்பா பெயர் முறை இன்றும் தொடர்கிறது. ஸ்வீடனில் ஒரே படைப்பிரிவில் பத்து ஆண்டர்சன் இருந்தால் குழப்பம் என்று ராஸ்க், மூடிக் போன்ற சின்னப் பெயர்களைச் சிப்பாய்களுக்குச் சூட்டினார்கள். அவையும் குடும்பப் பெயர்களாக நிலைத்துவிட்டன. ஆக, இரண்டு ஓல்சன்கள் சொந்தமாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு.

எல்லிஸ் தீவுல ஆபீசருங்க பேரையே மாத்தி எழுதிட்டாங்களாமே?

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட இடம் எல்லிஸ் தீவு. பெயர் மாற்றம் பரவலான நம்பிக்கை, ஆனால் நடைமுறை அப்படி இல்லை. கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்தில் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்து, அதில் இருக்கும் பெயரைச் சரிபார்ப்பதே அங்கிருந்த அதிகாரிகளின் வேலை. மேலும் எல்லிஸ் தீவு நிலையம் திறந்ததே 1892-ல். நார்வே, ஸ்வீடன் ஆட்களில் பெரும்பங்கு அதற்கு முன்பே கியூபெக் வழியாகவோ நியூயார்க்கின் பழைய குடியேற்ற நிலையமான காஸில் கார்டன் வழியாகவோ வந்துவிட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டது பிற்பாடு, அவர்களே, மேலே சொன்ன காரணங்களுக்காகவும் அக்கம்பக்கத்தார் வாயில் நுழைய வேண்டும் என்பதற்காகவும்.

சர்ச்சுல 'லூட்டஃபிஸ்க்' விருந்துன்னு கூப்பிடறாங்க. அது என்ன? போகலாமா?

போங்கள். காட் மீனை உப்பில்லாமல் குளிர்காற்றில் கட்டை மாதிரி காயவைத்து, பிறகு தண்ணீரிலும் சோடா போன்ற காரத்தன்மையுள்ள (அல்கலி) கரைசலிலும் மறுபடி தண்ணீரிலும் பல நாள் ஊறவைத்து வேகவைப்பது. வழவழவென்று நடுங்கும் பதம், வாசனை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நார்வே வம்சாவளியினர் உருக்கிய வெண்ணெய் ஊற்றிச் சாப்பிடுவார்கள், ஸ்வீடிஷ் வீடுகளில் வெள்ளைச் சாஸ். கூடவே 'லெஃப்ஸா' வரும். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கோடு மாவு சேர்த்து மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் சுடுவது. வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிச் சாப்பிடலாம். சைவக்காரர்களும் லெஃப்ஸாவுக்காகவே போகலாம்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சபைகளின் கீழ்த்தளங்களில் இந்த விருந்துகள் நடக்கும். டிக்கெட் வாங்கிய யாரும் உட்காரலாம். சபை ஆட்கள் வரிசையாக நின்று பரிமாறுவார்கள், எண்பது வயதுப் பாட்டிகள் லெஃப்ஸா சுடுவார்கள். இந்த மாநிலத்தை அறிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆஸ்லோவிலேருந்து வந்த என் சிநேகிதி இங்க நடக்கறதெல்லாம் பார்த்துட்டு 'இது எங்க கலாசாரமே இல்ல'ன்னு சொல்றா. யார் சொல்றது சரி?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். உங்கள் சிநேகிதி தன் நாட்டைப் பற்றிச் சொல்வது சரி. அவள் வளர்ந்த நார்வே எண்ணெய் வளமும் நலத்திட்டங்களும் கொண்ட நகர நாடு. இங்கே குடியேறியவர்கள் கொண்டுவந்ததோ 1870-களின் மலைக்கிராமம், அதிலும் ஏழைகளின் வாழ்க்கை. லூட்டஃபிஸ்க் நார்வேயிலும் உண்டு. ஆனால் அங்கே அது கிறிஸ்துமஸை ஒட்டிய ஒரு சாப்பாடு, பன்றிக்கொழுப்பும் பட்டாணி மசியலும் தொட்டுக்கொள்வார்கள். இங்கே போல ஒரு ஊரின் அடையாளமாக அங்கே நிற்பதில்லை.

ஆனால் 'இங்கே இருப்பது உறைந்துபோன பழசு' என்று அவள் நினைத்தால் அது தவறு. ரோஸ்மாலிங் என்ற மரப்பூ ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1700-களில் டெலிமார்க், ஹாலிங்டால் பக்கம் செழித்த கலை அது. அமெரிக்காவில் ஏறக்குறைய மறைந்துபோனதை 1930-களில் விஸ்கான்சினின் ஸ்டவ்டன் ஊரில் பேர் லிஸ்னே என்பவர் மறுபடி எழுப்பினார். பிறகு அயோவாவின் டெகோராவில் உள்ள வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகம் நார்வேயிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துக் கற்றுக்கொடுத்தது. நார்வேயின் மே 17 அரசியலமைப்பு நாளில் பலரும் அணியும் 'பூனாட்' என்ற பாரம்பரிய உடையும் அப்படித்தான். அது இன்றைய வடிவம் பெற்றது 1900-க்குப் பிறகு, பெரும்பாலோர் கப்பலேறிய பின்னால். ஸ்வீடனின் லூசியா விழா ஊர்வலமாகப் பரவியது 1927-ல் ஒரு ஸ்டாக்ஹோம் பத்திரிகை நடத்திய போட்டிக்குப் பிறகு. சிவப்பு மரக்குதிரை நாட்டின் சின்னமானது 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் வைத்த ராட்சதக் குதிரையால். அதாவது போனவர்களும் இருந்தவர்களும் கடல் தாண்டி ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்தே இந்த அடையாளங்களை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆகவே இதை நார்வேயின் மோசமான நகலாகப் பார்க்காதீர்கள். நார்வேஜிய அமெரிக்கப் பண்பாடு என்பது தனியாக ஒன்று. அதற்கு இப்போது இருநூறு வயது. சபைக் கீழ்த்தள விருந்துக்கு ஆஸ்லோவின் அங்கீகாரம் தேவையில்லை.

இவ்வளவு பெருமை பேசறவங்க மொழியை மட்டும் ஏன் விட்டாங்க?

அவ்வளவு சுலபமாக விடவில்லை. 'டெகோரா போஸ்டன்' என்ற நார்வேஜியப் பத்திரிகை 1874-லிருந்து 1972 வரை வந்தது. டெகோராவின் லூதர் கல்லூரி, நார்த்ஃபீல்டின் செயின்ட் ஓலாஃப் கல்லூரி, ஸ்வீடிஷ்காரர்களின் கஸ்டாவஸ் அடால்ஃபஸ், ஆகஸ்டானா கல்லூரிகள் எல்லாம் போதகர்களையும் ஆசிரியர்களையும் தங்கள் மொழியோடு உருவாக்கத் தொடங்கியவை. விஸ்கான்சினின் வெஸ்ட்பி, கூன் வேலி போன்ற ஊர்களில் நார்வேஜியன் பேசுபவர்களை மொழியியலாளர்கள் 21-ஆம் நூற்றாண்டிலும் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்கள் பேசியது புத்தக மொழி இல்லை, தாத்தாவின் பள்ளத்தாக்கு வழக்கு.

பெரிய அடி முதல் உலகப்போரில் விழுந்தது. ஜெர்மன் மீதான வெறுப்பு எல்லா அந்நிய மொழிகள் மீதும் பாய்ந்தது. 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங், பள்ளியிலும் பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று அறிவித்தார். சபை ஆராதனைக்கும் அதே கட்டுப்பாடு. போர் முடிந்ததும் அறிவிப்பு போனது, பயம் போகவில்லை. பெற்றோர் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசத் தொடங்கினார்கள். 1924-ல் குடியேற்றச் சட்டம் இறுகிப் புது ஆட்கள் வருவதும் குறைந்தபின், மூன்றாம் தலைமுறைக்கு மொழி சில பாட்டுகளும் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபமும் மட்டுமாக நின்றது. மினியாபொலிஸின் மின்டகிர்கன் சபையில் இன்றும் நார்வேஜியனில் ஆராதனை நடக்கிறது.

சன்ஸ் ஆஃப் நார்வே மாதிரி சங்கங்கள்ல நாமளும் சேரலாமா?

சேரலாம், வம்சாவளி நிபந்தனை இல்லை. 1895-ல் மினியாபொலிஸில் அது தொடங்கியது கலாசாரத்துக்காக மட்டும் இல்லை. வேலைக்குப் போனவன் நோயில் விழுந்தாலோ செத்தாலோ குடும்பத்துக்குக் கைகொடுக்க, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஏற்படுத்திய பரஸ்பர உதவிச் சங்கம். ஸ்வீடிஷ்காரர்களின் வாசா ஆர்டரும் (1896) அதே வகை. மொழி வகுப்பு, சமையல், கைவேலை என்று நிறைய நடக்கும்.

அமெரிக்காவுக்கு மட்டும்தான் போனாங்களா?

பெரும்பாலோர் அங்கேதான். ஆனால் மற்றவையும் சுவையானவை. ஐஸ்லாந்துக்காரர்கள் 1875-ல் கனடாவின் வினிபெக் ஏரிக்கரையில் கிம்லி ஊரை அமைத்தார்கள். அதே வருடம் ஐஸ்லாந்தில் ஆஸ்க்யா எரிமலை வெடித்து மேய்ச்சல் நிலத்தைச் சாம்பலில் மூடியிருந்தது. அடுத்த வருடமே கிம்லியில் பெரியம்மை. அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஊர்களையும் அது அழித்தது. நியூசிலாந்தில் அடர்காட்டை வெட்டித் திருத்த ஆட்களை வரவழைத்து 1872-ல் டேன்விர்க், நார்ஸ்வுட் ஊர்களை உண்டாக்கினார்கள். அர்ஜென்டினாவின் டாண்டில் பக்கம் டேனிஷ் விவசாயிகள் உண்டு.

நமக்கு உறைக்கும் கதை ஹவாயினுடையது. 1880-81-ல் சில நூறு நார்வேஜியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சோறும் சரியில்லை, சொன்னபடி நடத்தவும் இல்லை என்று அவர்கள் கிளப்பிய எதிர்ப்பு ஐரோப்பியப் பத்திரிகைகள் வரை போனது. ஒப்பந்தக் கூலி முறையை நம் மக்கள் பிஜியிலும் நேட்டாலிலும் அனுபவித்த அதே காலம்.

இன்னொன்று உக்ரைனில். ரஷ்யப் பேரரசி கேத்தரின் காலத்தில், இன்றைய எஸ்தோனியாவின் ஹியூமா தீவிலிருந்து ஸ்வீடிஷ் பேசிய விவசாயிகள் கருங்கடல் பக்கம் குடியேற்றப்பட்டார்கள். நடந்தே போன அந்தப் பயணத்திலும் அதையடுத்தும் பெரும்பகுதி செத்தார்கள். மிஞ்சியவர்கள் கெர்சன் பகுதியில் கம்மல்ஸ்வென்ஸ்க்பி என்ற ஊரில் மொழியைக் கிட்டத்தட்ட 150 வருடம் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 1929-ல் சுமார் 900 பேர் ஸ்வீடனுக்கே திரும்பினார்கள்.

போனவங்க யாரும் திரும்பி வரலையா?

வந்தார்கள். ஸ்வீடன் கணக்கில் சுமார் ஐந்தில் ஒருவர். 1880-களுக்குப் பிறகு, கப்பல் கட்டணம் இறங்கியதும், சில வருடம் சம்பாதித்துத் திரும்பும் எண்ணத்துடனே போனவர்கள் நிறைய. தெற்கு நார்வேயின் லிஸ்டா, க்வினஸ்டால் வட்டாரங்களில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நியூயார்க்கின் புரூக்லின் போய்த் திரும்பிய ஆள் இருப்பார். அங்கே இன்றும் அமெரிக்க விழா நடக்கிறது. டென்மார்க்கின் ரெபில்ட் குன்றுகளில், டேனிஷ் அமெரிக்கர்கள் வாங்கிக் கொடுத்த நிலத்தில், 1912-லிருந்து ஜூலை 4-ஐக் கொண்டாடுகிறார்கள்.

இவங்களுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

தரங்கம்பாடியைச் சொல்வார்கள். 1620-லிருந்து 1845 வரை அது டேனிஷ் வசம் இருந்தது உண்மை. ஆனால் அங்கே வந்தவர்கள் வியாபாரிகளும் சிப்பாய்களும் மிஷனரிகளும்தான். குடியேறிகள் இல்லை.

உண்மையான தொடர்பு கோதுமை வழியாக வந்தது. நார்மன் போர்லாக் 1914-ல் அயோவாவின் கிரெஸ்கோ பக்கம் நார்வேஜிய விவசாயிகள் சூழ்ந்த ஊரில் பிறந்தவர். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து, மெக்சிகோவில் குட்டை ரகக் கோதுமையை உருவாக்கினார். அவரை 1963-ல் இந்தியாவுக்கு வரவழைக்கக் காரணமாக இருந்தவர் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். எதிர்ப்பைத் தாண்டி 1966-ல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்ய முடிவெடுத்த வேளாண் அமைச்சர் சி.சுப்பிரமணியம். 1970-ல் போர்லாக் அமைதிக்கான நோபல் பரிசை வாங்கியது, அவர் முன்னோர் விட்டுப்போன நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில்.

என் மருமகனோட கொள்ளுத்தாத்தா நார்வேக்காரர். அவங்க பூர்வீக ஊரை எப்படிக் கண்டுபிடிக்கறது?

முதலில் அமெரிக்கப் பக்கம் தேடுங்கள். சபைப் பதிவேடுகள் மிக முக்கியம், ஏனென்றால் பல போதகர்கள் பிறந்த பாரிஷின் (சபை வட்டாரத்தின்) பெயரையும் எழுதி வைத்தார்கள். பண்ணைப் பெயரும் பாரிஷும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 'ஓலே ஓல்சன், நார்வே' என்று மட்டும் வைத்துக்கொண்டு தேடினால், ஏற்கெனவே பெயர்களைப் பற்றிச் சொன்ன காரணத்தால், ஆயிரம் பேர் வருவார்கள்.

பிறகு நார்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல் ஆர்க்கிவெட்' தளம். இலவசம். சபைப் பதிவுகள், 1801, 1865, 1900, 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள், துறைமுகப் போலீசார் எழுதிய குடிபெயர்வோர் பதிவுகள் எல்லாம் உண்டு. நார்வேயின் பல வட்டாரங்களுக்கு 'பிக்டபோக்' என்ற ஊர்ப் புத்தகமும் இருக்கும். பண்ணை பண்ணையாக யார் யார் வாழ்ந்தார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். ஸ்வீடன் என்றால் போதகர் வீடு வீடாகப் போய் வாசிப்பையும் வேதப் பாடத்தையும் சோதித்து எழுதிய குடும்பப் பதிவேடுகள் இன்னும் விரிவானவை.

அப்படிக் கண்டுபிடிச்சா நார்வே குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. கொள்ளுத்தாத்தா வழியாகக் கோரும் வழி நார்வே, ஸ்வீடன், டென்மார்க் எதிலும் இல்லை. பிறக்கும்போது தாயோ தகப்பனோ அந்நாட்டுக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டிலேயே வளர்ந்தால் 22 வயதில் அதையும் இழக்கும் விதிகள் உண்டு. இரட்டைக் குடியுரிமையை ஸ்வீடன் 2001-லும், டென்மார்க் 2015-லும், நார்வே 2020-லும் அனுமதித்தன. விதிகள் மாறக்கூடியவை, தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

'எங்க தாத்தா வந்தப்போ யாரும் உதவி பண்ணல, சொந்த உழைப்புல முன்னுக்கு வந்தோம்'னு ஒரு சக ஊழியர் சொல்றார். என்ன பதில் சொல்றது?

உழைப்பை மறுக்கவே கூடாது. மண்கட்டியில் வீடு கட்டி, வெட்டுக்கிளி தின்ற வயலை மறுபடி உழுதவர்கள் அவர்கள். ஏளனமும் பட்டார்கள். 'மந்த ஸ்வீடன்காரன்' நகைச்சுவைகள் பல காலம் ஓடின. 1751-லேயே பெஞ்சமின் பிராங்க்ளின் ஸ்வீடிஷ்காரர்களைக் கருத்த நிறத்தவர் பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறார்.

ஆனால் உதவி இருந்தது. நிலத்தைப் பற்றி மேலே இரண்டு பதில்களில் சொன்னேன். அதைப் பதிவு செய்யக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடிமகனாகும் விருப்பத்தை அறிவிக்க வேண்டும். குடிமகனாகும் உரிமையை 1790 சட்டம் 'சுதந்திரமான வெள்ளையருக்கு' மட்டுமே வைத்திருந்தது. நார்வேயின் வாஸ் பகுதியில் பிறந்த க்னூட் நெல்சன் 1893-ல் மினசோட்டா ஆளுநரே ஆக முடிந்தது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திந்துக்கோ, 'நீ வெள்ளையன் இல்லை' என்று 1923-ல் உச்ச நீதிமன்றம் குடியுரிமையே மறுத்தது. 1917 சட்டம் இந்தியர்கள் வருவதையே தடுத்திருந்தது.

சக ஊழியரிடம் சண்டை போட வேண்டாம். வருடங்களை மட்டும் வரிசையாகச் சொல்லுங்கள்: 1790, 1862, 1917, 1923, 1965. கடைசி வருடச் சட்டம்தான் நாட்டை வைத்து ஆட்களை அளக்கும் ஒதுக்கீட்டை நீக்கியது. நம் டாக்டர்களும் என்ஜினியர்களும் பெருவாரியாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. அந்த ஒதுக்கீட்டை எடுக்க வேண்டும் என்று பல வருடம் வாதாடியவர்களில் ஒருவர் மினசோட்டாவின் ஹூபர்ட் ஹம்ப்ரி. சட்டம் கையெழுத்தானபோது அவர் துணைக் குடியரசுத் தலைவர். அவருடைய அம்மா நார்வேயின் கிறிஸ்டியான்சாண்டில் பிறந்தவர்.